இரண்டு விரல் அதிகம்

மதியம் மூன்று மணிக்குத் தையல் மெஷின் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கினால் நல்ல கனவா வரும்? டெய்லரக்காவுக்குப் பத்து நாளாக ஒரே கனவு. மலைப்பாதையில் பைக்கில் இறங்கிக்கொண்டிருப்பாள். எங்கும் மூடுபனி. இன்ஜின் சத்தமே இருக்காது. மெஷின் சக்கரம் சுற்றும் மெல்லிய சத்தம் மட்டும் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கும். பாதையோரத்து மரங்கள் கொடியில் காயப்போட்ட துணிகளாக ஆடும். ஒரு வளைவு வரும். வலது கையால் பிரேக்கைப் பிடிப்பாள். லீவர் பஞ்சுத் தலையணைபோல் கைக்குள் அமுங்கும், அமுங்கிக்கொண்டே போகும், அதற்கு முடிவே இருக்காது. வண்டி நிற்காது. பின்சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பது தெரியும். யாரென்று திரும்பினால் கனவு கலைந்துவிடும். விழித்துப் பார்த்தால் பாதி தைத்த பள்ளிச் சீருடையைக் கை கசக்கிப் பிடித்திருக்கும். அதை மறுபடி இஸ்திரி போட வேண்டும். கனவு பாட்டுக்கு வந்துவிட்டுப் போகிறது, வேலை யாருக்கு?

தெருவில் மெக்கானிக்கைத் தவிர எல்லாருக்கும் அவள் டெய்லரக்காதான். அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்று கூப்பிடுகிறார்கள். முதலில் கோபம் வந்தது, பிறகு போனால் போகிறது என்று விட்டுவிட்டாள். வீட்டின் முன்னறைதான் கடை. பள்ளிச் சீருடைகள் தைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர். எதிர்ச் சாரியில் நடந்துபோகிறவரின் தோளளவை மெஷினை விட்டு எழுந்திருக்காமலே சொல்லிவிடுவாள், அரை அங்குலம் தப்பாது. ஆனால் எந்தப் பிள்ளைக்குத் தைத்தாலும் எடுத்த அளவுக்குமேல் இரண்டு விரல் விட்டுத்தான் தைப்பாள். வளர்ற பிள்ளை, போட்டுக்கட்டும் என்பாள். அம்மாக்கள் அவளைத் தேடி வருவதே அதற்காகத்தான். இருபது வருடமாக விட்டு விட்டு, கைக்கு அது வழக்கமாகிவிட்டது.

அவள் வீட்டுக்காரர் மலை உச்சியில் இருக்கும் ஆஸ்பத்திரியில் படுத்து ஒன்பது மாதம் ஆகிறது. மர அறுவை ஆலையில் வேலை பார்த்து, அந்தத் தூளையெல்லாம் நெஞ்சுக்குள் சேர்த்து வைத்துக்கொண்ட மனிதர். நுரையீரலில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். சனிக்கிழமைதோறும் கடையைப் பூட்டிவிட்டு, அவருடைய பழைய பைக்கை எடுத்துக்கொண்டு மேலே போவாள். ஞாயிறு மதியம் இறங்கி வருவாள். வருகிற ஞாயிறு அவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாம் என்று போன ஞாயிறு டாக்டர் சொல்லிவிட்டார். வேனில் ஏற்றினால் முதல் வளைவிலேயே வாந்தி எடுப்பார், போகும்போது எடுத்ததை ஆஸ்பத்திரியே இன்னும் மறக்கவில்லை. வாந்தி எடுத்தால் விலா குலுங்கும். அதற்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு பைக்கில் போவதே மேல் என்றார் டாக்டர். ஒரே ஒரு நிபந்தனைதான். திடீரென்று உலுக்கக் கூடாது. கீழே விழவே கூடாது. உள்ளே போட்ட தையல் இன்னொரு தடவை போட முடியாத தையல்.

அவள் சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பினாள். அன்றைக்குப் பார்த்து ஐந்தாவது வளைவில் முன்பிரேக் லீவர் தொளதொளவென்று கைப்பிடி வரைக்கும் வந்தது. அதற்கு முந்தின வாரமே லேசாகச் சொல்லிக் காட்டியிருந்தது, இவள்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்பிரேக்கையும் கியரையும் வைத்துச் சமாளித்துக் கீழே வந்து சேர்ந்தபோது உயிர் போய் உயிர் வந்தது. கனவைவிட நிஜம் மோசம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள், ஏனென்றால் நிஜத்தில் பயம் இருந்தது.

திங்கட்கிழமை காலை மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனாள். அவருக்கு அவசரம் என்று பட்டப்பேர் வைத்த ஆள் நல்ல குசும்புக்காரனாக இருக்க வேண்டும். ஒரு நட்டை அவர் கழற்றுவதற்குள் வாங்கி வைத்த டீ ஆறி, ஏடு படிந்துவிடும். லீவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கைப்பிடியிலிருந்து முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, நாடி பார்க்கிற மாதிரி கண்ணை மூடினார். வெகுநேரம் கழித்துத்தான் திறந்தார்.

"உப்புது தங்கச்சி. நீ அமுக்கற அமுக்கு சக்கரத்துக்கே போகல. பாதிய ரப்பரே வாங்கிக்குது."

மாற்ற வேண்டும், அவ்வளவுதானே என்றாள். அவ்வளவுதான் இல்லை என்றார். அந்த வண்டிக்குக் கம்பெனி ஹோஸ் வருவது நின்று வருடக்கணக்காகிறது. வந்தாலும் எட்டாது, முதுகு வலிக்கிறதென்று அவள் வீட்டுக்காரர் ஹேண்டில்பாரை ஒரு சாண் உயர்த்தி வைத்திருந்தார். பழைய சாமான் கடையில் கழற்றிய ஹோஸ் கிடைக்கும், ஆனால் வெளியே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உள்ளே எத்தனை வருடம் வெந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைகளில் கவரில் போட்டுத் தொங்குவதில் செய்தவர் பேரும் இருக்காது, தேதியும் இருக்காது. டிராக்டர் ஹோஸுக்கு முனை வைத்து அழுத்திக் கொடுக்கிற இடத்தில் கேட்டால் அரை மணியில் ஒன்று செய்து தந்துவிடுவார்கள். அது வேறு எண்ணெய்க்குச் செய்த ரப்பர், பிரேக் ஆயில் அதை உள்ளிருந்தே தின்றுவிடும். இவ்வளவையும் சொல்லி முடிக்க அவருக்கு இரண்டு டீ ஆனது.

கடைசியில் ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். வெளியே கண்ணாடிபோல் ஒரு தோல், அதற்குள் இரும்பு இழைகளால் பின்னிய உறை, அதற்கும் உள்ளே வழுவழுவென்று வெள்ளைக் குழாய். இழை உப்ப விடாது, வெள்ளைக் குழாயை ஆயில் தின்னாது, இழை எதிலாவது உரசி அதை அறுத்துவிடாமல் வெளித்தோல் பார்த்துக்கொள்ளும். தோலில் செய்தவர் பேரும் தேதியும் அச்சாகியிருந்தன. அவள் அதை வளைத்துப் பார்த்தாள், நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். கோட்டுக்கு உள்துணி சரியாக இல்லாவிட்டால் மேல்துணி எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோசனமில்லை என்பது அவளுக்குத் தெரியாததா? இதுதான் வேண்டும் என்றாள். பக்கத்து ஊரில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள் என்றார் அவசரம்.

அளவெடுக்கும் வேலையை அவளிடமே விட்டார். "என் டேப் பொய் சொன்னாலும் சொல்லும், உன் டேப் சொல்லாது" என்றார். முன்சக்கரத்தைத் தரையில் படாமல் தொங்கவிட்டார். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பிக் காட்டினார். அவள் ஒரு கயிற்றை ஹோஸ் போகும் வழியிலேயே நடத்திக்கொண்டு போய், எங்கும் இழுக்காமல், எங்கும் தொய்யாமல் பிடித்தாள். டேப்பில் வைத்தாள். நாற்பத்திரண்டு அங்குலம். சொல்ல வாயைத் திறந்தாள்.

"நாப்பத்து மூணரை" என்றாள்.

இரண்டு விரல் விட்டுவிட்டாள். யாரும் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. வாய் சொன்னதைக் கேட்டு மனசும் ஆமாம், எதற்கும் இருக்கட்டும் என்றது. அவர் அட்டையில் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை ஹோஸ் வந்தது. இரண்டு முனையிலும் புதுச் செம்பு வாஷர் போட்டு முடுக்கினார். ஆயில் ஊற்றிக் காற்றை எடுக்க ஒரு மதியம் முழுக்க எடுத்துக்கொண்டார். அவள் லீவரை அமுக்கிப் பிடிக்க, அவர் கீழே திருகைத் திறக்க, குமிழிகள் ஒவ்வொன்றாகச் சின்னக் கண்ணாடிக் குழாயில் ஏறிவந்து காணாமல் போயின. அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்குத் தூக்கம் சொக்கியது. கடைசிக் குமிழியும் போனபின் பிடித்துப் பார்த்தாள். லீவர் ஒரு இடத்துக்கு வந்து, இதற்குமேல் இல்லை என்று நின்றது. அவர் ஹேண்டிலைத் திருப்பிப் பார்த்தார், முன்பக்கத்தை உடம்பின் பாரத்தால் அமுக்கிப் பார்த்தார். ஹோஸ் கொஞ்சம் முன்னால் வளைந்துவந்தது. டயருக்கும் அதற்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தது. முகத்தைச் சுளித்தார், ஆனால் அளவு அவள் கொடுத்த அளவாயிற்றே. பின்பக்க ஸ்பிரிங்கை முடுக்க வேண்டும், உன் வீட்டுக்காரர் என்ன எடை என்று கேட்டார்.

"எண்பது" என்றாள், கண்ணை இமைக்காமல்.

சனிக்கிழமை மேலே போகவில்லை, மறுநாள்தான் போகப் போகிறாளே. அவருக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். மெல்லிய கோடு போட்ட நீலத் துணி, மார்பளவு நாற்பது, அதற்குமேல் வழக்கம்போல இரண்டு விரல். பொத்தான் காஜா எடுத்து முடித்தபோது மணி மூன்று. அப்படியே தலை சாய்ந்தது.

மறுபடியும் அதே மலைப்பாதை, அதே மூடுபனி. இந்தத் தடவை தைரியமாகத் திரும்பிப் பார்த்தாள், கனவும் கலையவில்லை. பின்சீட்டில் ஆள் இல்லை. அந்த நீலச் சட்டை மட்டும் காற்று நிரம்பி உட்கார்ந்திருந்தது. அதன் கீழ்விளிம்பு நீளமாக, இன்னும் நீளமாகத் தொங்கிக்கொண்டே வந்தது. தரையைத் தொட்டது. பிறகு மெதுவாக, வெகு மெதுவாக, சக்கரத்துக்குள் சுற்ற ஆரம்பித்தது.

விழித்தாள். சக்கரத்துக்குள் சுற்றியது எதுவென்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மெஷின் மேலிருந்த தையல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே போய், வண்டியின் புது ஹோஸ் முன்னால் வளைகிற இடத்தில் கனமாகத் தேய்த்தாள். சீருடைத் துணிக்கட்டுகள் இரண்டைப் பின்சீட்டில் வைத்துக் கட்டினாள். கடைக்கு முன்னால் தெரு சரிந்து இறங்குகிறது; அதில் வண்டியை விட்டு, பாதியில் முன்பிரேக்கைப் பலமாகப் பிடித்தாள். முன்பக்கம் தலைகுனிந்து அமுங்கியது, வண்டி நின்றது. இறங்கிப் பார்த்தாள். டயரின் கறுப்பில் கட்டை விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

பதினேழு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கோடு விழும். எத்தனையாவது வளைவில் ஹோஸ் அறுந்திருக்கும் என்று கணக்குப் போடாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

அவசரத்திடம் போய் மறைக்காமல் சொன்னாள். நாற்பத்திரண்டுதான் இருந்தது, நான்தான் இரண்டு விரல் விட்டேன் என்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள், அவர் திட்டவில்லை. ஹோஸைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவசரம் ஓடியதைத் தெரு அன்றுதான் பார்த்தது. டீக்கடைக்காரர் கையில் கெட்டிலோடு வாசலுக்கு வந்து நின்று, அந்த மனிதருக்குக் காலும் இருக்கிறதா என்று வியந்தார்.

சாயங்காலம் அதே ஹோஸோடு திரும்பி வந்தார். வெட்டிக் குறைத்து வேறு முனை போட்டு அழுத்திவிடலாம், ஆனால் பிரேக்குக்கென்று செய்த முனை திங்கட்கிழமைதான் வரும். டிராக்டர் முனையைப் போட்டு இப்போதே தரட்டுமா என்று கேட்டார்களாம், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாராம். அதுவரைக்கும் ஹோஸை இழுத்துக் கம்பியால் கட்டிவிட்டு ஓட்ட முடியாதா என்று அவள் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. கட்டு அவிழ்ந்தால் என்ன செய்வாய் என்றார் அவர்.

"புதன்கிழமை போ. இந்த வாட்டி ஆளோட நிஜ எடைக்கு மூட்டை கட்டி வெச்சு அமுக்கிப் பாத்துடலாம். எண்பதுன்னு சொன்னியே தங்கச்சி, நிஜமாவே எண்பதா?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டாள்.

தெருவில் போகிறவன் வருகிறவன் அளவையெல்லாம் கண்ணாலேயே எடுக்கிறவள், ஒன்பது மாதமாகத் தன் புருஷனின் அளவை மட்டும் எடுக்காமலே இருந்தாள். சனிக்கிழமைதோறும் பக்கத்தில் உட்கார்ந்தாள், சாப்பாடு ஊட்டினாள், தலை வாரிவிட்டாள். கம்பளிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கண் பார்க்கப் போகும்போதெல்லாம் அதை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே எப்போதும் மூடுபனிதான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இருக்கும் போனுக்கு அவர் நடந்து வர நேரமானது. முதலில் மூச்சு வந்தது, பிறகுதான் குரல். ஞாயிற்றுக்கிழமை இல்லை, புதன்கிழமைதான் என்று சொன்னாள். பிரேக் ஹோஸுக்குத் தப்பான அளவு கொடுத்துவிட்டேன் என்றாள். நீயா, அளவிலா என்று அவர் சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்து கெடுத்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

"உங்க எடை என்ன?"

"எதுக்கு? தராசுல போட்டு விக்கப் போறியா?"

"மெக்கானிக் அண்ணன் கேக்கறாரு. சொல்லுங்க."

அந்தப் பக்கம் யாரோ ஸ்ட்ரெச்சர் வண்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"அம்பத்து மூணு" என்றார்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே. கேக்கக் கூடாதுன்னு நீ இருக்கறது எனக்குத் தெரியாதா? நானும் கம்பளிய இழுத்து இழுத்துப் போத்திக்கிட்டேன்."

அவள் அடுத்ததையும் கேட்டாள். நர்ஸிடம் டேப் இருக்கும், மார்பளவு எடுத்துச் சொல்லுங்கள் என்றாள். திரும்பி வந்து முப்பத்து நாலு என்றார். அவள் அதைத் துண்டுச் சீட்டில் எழுதினாள். போனை வைத்தபின் மெஷின் மேல் கவிழ்ந்து வாய்விட்டு அழுதாள். ஒன்பது மாத அழுகை, சீக்கிரம் தீரவில்லை. தீர்ந்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, நீலச் சட்டையை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை ஹோஸ் நாற்பத்திரண்டாகத் திரும்பி வந்தது. துணிக்கட்டுகளைத் தராசில் நிறுத்து, ஐம்பத்து மூன்று கிலோவைப் பின்சீட்டில் கட்டி, சாக்பீஸைத் தேய்த்து, சரிவில் பத்துத் தடவை விட்டு நிறுத்திப் பார்த்தார்கள். டயர் கறுப்பாகவே இருந்தது. அவசரம் குனிந்து, ஹோஸுக்கும் டயருக்கும் நடுவில் மூன்று விரலை நுழைத்துக் காட்டினார். பின்பக்க ஸ்பிரிங்கைத் தளர்த்தினார். அதற்கும் ஒரு டீ ஆறியது.

புதன்கிழமை மதியம் அவரை ஆஸ்பத்திரி வாசலில் பார்த்தாள். கம்பளி இல்லாமல் நின்றார். இந்தத் தடவை ஜன்னல் எதுவும் இல்லை. நன்றாகப் பார்த்தாள், தலையிலிருந்து கால் வரைக்கும், கடைக்கு வருகிறவரைப் பார்ப்பதுபோல். பிறகு பிரித்துத் தைத்த நீலச் சட்டையை அவருக்குப் போட்டுவிட்டு எல்லாப் பொத்தானையும் மாட்டினாள். அவர் பின்சீட்டில் ஏறியபோது வண்டி ஒரு பள்ளிப் பிள்ளை ஏறியதுபோல்தான் அமுங்கியது. வலித்தது அவளுக்கு. இருந்தாலும் அந்தப் பாரம் அவளுக்கு முன்பே தெரிந்த பாரம்.

பாதை முழுக்க மூடுபனி. இன்ஜினை மெதுவாக வைத்திருந்ததால் அது மெஷின் சத்தம்போல மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. மரங்கள் கொடியில் தொங்கும் துணிகளாக ஒவ்வொன்றாக வந்து போயின. ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, இது கடையா மலையா என்று. கண்ணாடியில் பார்த்தாள். பின்னால் அவர் இருந்தார். கலையவில்லை.

ஒன்பதாவது வளைவு திரும்பியதும் பனிக்குள்ளிருந்து ஒரு பெரிய வெள்ளைச் சுவர் முளைத்தது. விளக்கு போடாமல் நின்றுகொண்டிருந்த பால் வண்டி. அவள் விரல்கள் லீவரை மடக்கின, பதறாமல், கொஞ்சம் கொஞ்சமாக. லீவர் அதன் இடத்துக்கு வந்து நின்றது. முன்பக்கம் தலைகுனிந்தது, சக்கரம் மெதுவாகி, மெதுவாகி, பால் வண்டிக்கு ஒரு முழம் முன்னால் ஓய்ந்தது. அவர் நெற்றி அவள் முதுகில் வந்து லேசாகப் பட்டது, அவ்வளவுதான். அவள் குனிந்து ஹோஸைப் பார்த்தாள். டயரைத் தொடாமல் தன் வளைவில் இருந்தது.

"தூங்கிட்டேன் போல. வீடு வந்துடுச்சா?" என்றார்.

"இன்னும் இல்ல. பால் வண்டி நிக்குது. உங்களுக்கு எங்கயாவது வலிக்குதா?"

"எங்க வலிக்குது? நின்னதே தெரியல." பிறகு தன் விலாப்பக்கம் தடவிப் பார்த்துக்கொண்டார். "சட்டை கச்சிதமா இருக்கு. ஆனா பக்கத் தையல்ல என்னமோ தடிப்பா இருக்கே, அக்குள்லேருந்து கீழ வரைக்கும்."

"ரெண்டு விரல் துணிய உள்ள மடிச்சு வெச்சிருக்கேன்" என்றாள், திரும்பாமல். "நீங்க தேறினதும் பிரிச்சு விட்டுக்கலாம்."

அவர் நெற்றியை அவள் முதுகிலிருந்து எடுக்கவில்லை. பால் வண்டி விளக்கைப் போட்டுக்கொண்டு நகர்ந்தது. அவள் பிரேக்கை மெதுவாக விட்டாள்.